முன்குறிப்பும் முயற்சியும்: செராம்பூரில் விடை தேடிய ஒரு வினா

கல்கத்தா நகரில் வாழும் தமிழ் அன்பர்கள் பலர், ஓய்வு நாளொன்றில் ஹௌராவில் மின்ரயிலேறி, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள செராம்பூருக்குச் சென்று வந்திருப்பர். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், உயர்ந்த தூண்கள் தாங்கும் கல்லூரி முகப்பைக் கண்டு வியந்துமிருப்பர். அவ்வூர் நமக்கு முற்றிலும் அயலூர் அன்று. தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய டேனியர், 1755-இல் செராம்பூரிலும் குடியேறினர். 1845-இல் இரண்டு ஊர்களையும் ஒருங்கே ஆங்கிலேயருக்கு விற்றனர். இன்றும் தமிழ்நாட்டில் இறையியல் பயில்வோருட் பலர் பெறும் பட்டம் செராம்பூர்ப் பட்டமேயாகும்.

இவ்வூரில் குடியேறி அச்சுக்கூடமும் கல்லூரியும் நிறுவிய வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரைப் பற்றி நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். வங்க உரைநடைக்கு அவர்கள் செய்த பணியையும் அறிவோம். எனினும் அவர்கள் இங்கு வருவதற்கு முன்பே அவர்தம் சமயக் குழுவினுள் ஒரு பெரும் வழக்கு நடந்தது என்பதையும், அவ்வழக்கில் வேறு தீர்ப்பு ஏற்பட்டிருப்பின் அவர்கள் கப்பலேறியே இருக்கமாட்டார்கள் என்பதையும் பலர் அறியார். அவ்வழக்கு யாது? வீடுபேறு பெறுவோர் இன்னார் என்று இறைவன் உலகம் தோன்றுமுன்பே குறித்துவிட்டான் என்றால், மனிதன் செய்யத்தக்கது என்ன இருக்கிறது? இதுவே அவ்வினா. இதற்குக் கால்வினியர் கூறிய விடைகள் ஒன்றல்ல, பல. அவற்றை இங்கே முறையாகக் காண்போம்.

ஜான் கால்வின் 1509-இல் பிரான்சில் பிறந்து, ஜெனீவா நகரில் சமயச் சீர்திருத்தம் நடத்தி, 1564-இல் மறைந்த அறிஞர். அவரது பெருநூல் 1536-இல் சிறு நூலாக வெளிவந்து, 1559-இல் விரிந்த வடிவம் பெற்றது. மனிதன் தன் தகுதியால் மீட்சி பெறுவதில்லை, இறைவனின் கிருபையாலேயே பெறுகிறான் என்பது அதன் அடிப்படை. இது கால்வின் புதிதாகக் கண்டதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் என்னும் ஆசிரியர், மனித முயற்சியை மிகுத்துப் பேசிய பெலாஜியசை மறுத்து இதையே வற்புறுத்தினார். கால்வின் அதனை அதன் எல்லை வரை கொண்டு சென்றார். கிருபை பெறுவோர் சிலரும் பெறாதோர் சிலரும் உளர் எனின், அவ்வேறுபாட்டின் வேர் இறைவனின் திருவுளத்திலேயே இருத்தல் வேண்டும் என்றார். தமிழ் விவிலியத்தில் இதனைக் குறிக்கும் சொல் 'முன்குறித்தல்' என்பதாகும். அத்தீர்மானம் நடுக்கம் தருவது என்பதை அவர் மறைத்தாரில்லை. ஆயினும் அது அஞ்சி ஒடுங்குவதற்காக அன்றி, தன் மீட்சி தன் நிலையற்ற மனத்தைச் சார்ந்ததன்று என்று அடியவன் ஆறுதல் கொள்வதற்காகவே கூறப்பட்டது என்பது அவர் கருத்து.

கால்வினுக்குப் பின் வந்தோர் இக்கருத்தை நுணுகி ஆராய்ந்தபோது பிளவுகள் தோன்றின. முதற்பிளவு ஹாலந்து நாட்டில் ஏற்பட்டது. லைடன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த ஆர்மீனியஸ், இன்னார் விசுவாசம் கொள்வர் என்பதை இறைவன் முன்னரே அறிந்து, அவ்வறிவுக்கு ஏற்பவே அவர்களைத் தெரிந்துகொண்டான் என்று கருதினார். அவர் 1609-இல் இறந்தார். மறு ஆண்டில் அவர்தம் மாணாக்கர்கள் ஐந்து கூற்றுகளாகத் தம் கொள்கையை எழுதி அளித்தனர். அதற்கு விடை கூறவே டோர்ட் நகரில் 1618, 1619 ஆம் ஆண்டுகளில் ஒரு பெருமன்றம் கூடியது.

அம்மன்றம் வகுத்தவற்றைச் சுருங்கக் கூறின் இவை: மனிதன் தானாக இறைவனை நாட இயலாத அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறான். இறைவன் மனிதனிடம் எத்தகுதியும் பாராமலே தெரிந்துகொள்கிறான். கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டோரை மீட்பதற்கென்றே குறித்தது. அவர்களிடத்தில் கிருபை தன் செயலைத் தவறாது முடிக்கும். அவ்வாறு மீட்கப்பட்டோர் இறுதிவரை நிலைப்பர். இவ்வைந்தையும் ஆங்கில முதலெழுத்துகளால் கோத்து 'டியூலிப்' என்னும் மலரின் பெயரால் நினைவிற்கொள்வது இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வழக்கம்.

இவ்விரு சாராரின் வேற்றுமையை ஓர் உவமையால் விளக்கலாம். ஹூக்ளியில் படகு கவிழ்ந்து ஒருவன் ஆற்றில் தத்தளிக்கிறான் என்று கொள்வோம். அவன் தானே நீந்திக் கரையேறலாம் என்பது பெலாஜியசின் கூற்று. கரையிலிருப்பவர் கயிறு வீசுகிறார், அக்கயிறின்றி அவன் பிழையான், ஆயினும் பற்றுவதும் விடுவதும் அவன் பொறுப்பு என்பது ஆர்மீனியசின் கூற்று. அவன் ஏற்கெனவே நினைவிழந்து மூழ்கிவிட்டான், கயிறு வீசிப் பயனில்லை, ஒருவர் ஆற்றில் குதித்து அவனைத் தூக்கி வந்து உயிரூட்ட வேண்டும் என்பது கால்வினியர் கூற்று. மூவரும் மீட்பவரைப் போற்றுகின்றனர். மூழ்கியவன் நிலைமை எத்தகையது என்பதில்தான் அவர்கள் வேறுபடுகின்றனர்.

கால்வினியர் தமக்குள்ளும் ஒருமனப்பட்டாரில்லை. இறைவனின் தீர்மானங்களை எவ்வரிசையில் வைத்தெண்ணுவது என்பதில் இரு கட்சிகள் எழுந்தன. மனிதனைப் படைக்கவும் அவன் வீழ்ச்சியை அனுமதிக்கவும் தீர்மானித்ததற்கு முன்னரே, சிலரை மீட்பது என்னும் தீர்மானம் நிற்கிறது என்றனர் ஒரு சாரார். லைடனில் ஆர்மீனியசை எதிர்த்த கோமாரஸ் இக்கட்சியைச் சேர்ந்தவர். வீழ்ந்த மனித குலத்தைக் கருத்திற்கொண்டு, அதிலிருந்து சிலரை இரக்கத்தால் தெரிந்துகொண்டான் என்றனர் மற்றொரு சாரார். இங்கு 'முன்', 'பின்' என்பன காலத்தைக் குறிப்பன அல்ல, கருத்தின் வரிசையையே குறிப்பன. வெறும் சொற்போர் என்று இதனைத் தள்ளிவிட இயலாது. முதற்கட்சியில் இறைவனின் ஆட்சி மேலோங்குகிறது. இரண்டாம் கட்சியில் அவனது இரக்கம் மேலோங்குகிறது. டோர்ட் மன்றம் இரண்டாம் கட்சியின் நடையிலேயே தன் தீர்ப்பை எழுதிற்று. முதற்கட்சியை விலக்கவும் இல்லை.

கிறிஸ்துவின் மரணம் யாருக்காக என்பது மற்றொரு வினா. பிரான்சில் சோமூர் என்னும் ஊரில் போதித்த அமிரோ, அது எல்லோருக்காகவும் நேர்ந்தது, விசுவாசம் கொள்வோர்க்கே பயன்படும், அவ்விசுவாசத்தை இறைவன் தெரிந்துகொண்டோர்க்கே அருளுகிறான் என்று ஒரு நடுவழி கண்டார். எல்லோருக்கும் போதுமானது, தெரிந்துகொள்ளப்பட்டோர்க்கே பலிப்பது என்று வேறு பலர் கூறினர்.

இனி, நம் கதைக்கு நேரே தொடர்புடைய பிளவுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாப்டிஸ்டுகள் இரு வகையினராயிருந்தனர். மீட்பு எல்லோருக்கும் பொது என்ற ஆர்மீனியக் கொள்கையினர் பொதுப் பாப்டிஸ்டுகள் எனப்பட்டனர். தெரிந்துகொள்ளப்பட்டோர்க்கே உரியது என்ற கால்வினியர் தனிப் பாப்டிஸ்டுகள் எனப்பட்டனர். தனிப் பாப்டிஸ்டுகளிடையே காலப்போக்கில் ஒரு தீவிரப் போக்கு வளர்ந்தது. விசுவாசம் கொள்ள இயலாதவனை விசுவாசம் கொள் என்று அழைப்பது முறையன்று, ஆதலால் போதகர் எல்லோரையும் அழைத்தலாகாது என்று சில போதகர் கருதினர். கால்வின் தாமே இவ்வாறு கூறியவர் அல்லர். எனினும் கொள்கையை அளவை முறையில் இழுத்துச் செல்லும்போது மனிதர் இவ்விடத்தில் வந்து நிற்பதும் உண்டு.

இதன் விளைவு புத்தகத்தோடு நின்றதா? இல்லை. கேரி இளமையில் உறுப்பினராகச் சேர்ந்த பாப்டிஸ்டுச் சபை ஆல்னி என்னும் சிற்றூரில் இருந்தது. அதே ஊரில் 1786 வரை வாழ்ந்தவர் கவிஞர் வில்லியம் கூப்பர். அவர் ஆங்கிலிக்கச் சபையினர், கால்வினியக் கருத்துடையவர், பிறர் ஆறுதலடையும் பாடல்கள் பல இயற்றியவர். ஆனால் 1773-இல் கொடிய மனநோய்க்கு ஆளான பின், இறைவன் தம்மை நிலையாகத் தள்ளிவிட்டான் என்ற எண்ணத்திலிருந்து சாகும்வரை அவர் விடுபடவில்லை. நோய்க்குக் கொள்கை காரணமன்று. ஆயினும் நோயுற்ற மனம் எச்சொற்களைக் கொண்டு தன்னைத்தானே தண்டித்துக்கொண்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?' என்ற வினா அக்காலத்து வீடுகளில் உறக்கத்தைக் கெடுத்த வினா.

இந்நிலையில் கெட்டரிங் என்னும் ஊரின் போதகர் ஆண்ட்ரு புல்லர் 1785-இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் ஜானதன் எட்வர்ட்ஸ் 1754-இல் எழுதியிருந்த நூலிலிருந்து ஒரு வேறுபாட்டை அவர் எடுத்தாண்டார். கால் இல்லாதவன் எழவில்லை என்றால் அது இயற்கையான இயலாமை, அவனைக் குறை கூறுவார் இலர். கால் இருந்தும் எழ மனமில்லாதவன் எழவில்லை என்றால் அது மனத்தின் இயலாமை, அதற்கு அவனே பொறுப்பாளி. மனிதனின் இயலாமை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே எல்லோரையும் அழைப்பது போதகர் கடமை, வருவது கேட்போர் கடமை, வரச் செய்வது மட்டும் இறைவனின் கிருபை என்றார் புல்லர். ஒருபுறம் தீவிரக் கால்வினியர் அவரை ஆர்மீனியர் என்று சாடினர். மறுபுறம் பொதுப் பாப்டிஸ்டுகளின் தலைவர் டான் டெய்லர், இன்னும் ஓரடி முன்னே வரலாகாதா என்று அவரோடு வாதிட்டார். புல்லர் கால்வினியராகவே நின்றார்.

புல்லரின் கருத்தைச் செயலாக்கியவர் கேரி. செருப்புத் தைக்கும் தொழில் செய்துகொண்டே மொழிகள் பல பயின்ற அவ்விளைஞர், ஒரு போதகர் கூட்டத்தில் பிற நாடுகளுக்குச் சமயத் தூதர் செல்லவேண்டும் என்று பேசியபோது, இறைவன் விரும்பினால் உன் துணையின்றியே அதைச் செய்வான், உட்கார் என்று மூத்த போதகர் ஒருவர் அடக்கினார் என்பது வழங்கிவரும் கதை. அம்மூத்தவரின் மகனார் அதனை மறுத்துரைத்தார். கதை உண்மையாயினும் அன்றாயினும், அக்காலத்து மனநிலைக்கு அது நல்ல சான்று. கேரியின் மறுமொழி 1792-இல் ஒரு சிறு நூலாக வந்தது. அதன் நீண்ட தலைப்பிலேயே 'வழிவகைகளைக் கையாளும் கடமை' என்ற கருத்து அமைந்திருக்கிறது. முடிவைக் குறித்த இறைவன் அம்முடிவை அடையும் வழியையும் குறித்திருக்கிறான் என்பதே அதன் உட்பொருள். காவிரிக் கரை உழவன், விளைச்சல் இறைவன் கையில் என்று சொல்லிக்கொண்டே விடியுமுன் ஏர் பூட்டுகிறானல்லவா? அதுபோன்றது இது. அவ்வாண்டு அக்டோபர் 2-இல் கெட்டரிங்கில் சங்கம் தோன்றியது. 1793 நவம்பரில் கேரி கல்கத்தாவில் வந்திறங்கினார்.

வந்தபின் அவர் கொள்கை கடுஞ்சோதனைக்குள்ளாயிற்று. மால்டாப் பகுதியில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்துப் பிழைத்தார். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரதியின் மனம் சிதைந்தது. ஏழு ஆண்டுகள் வங்கத்தில் ஒருவரும் அவர் அழைப்பை ஏற்று ஞானஸ்நானம் பெறவில்லை. 1800 டிசம்பர் 28-இல் செராம்பூரில் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஹூக்ளி நதியில் இறங்கினார். அவரே முதல்வர். பயன் இறைவன் கையில் உள்ளது என்ற நம்பிக்கை, பயனே காணாத அந்த ஏழாண்டுகளில் கேரியைத் தாங்கியது. அதே நம்பிக்கை இங்கிலாந்தில் வேறு சிலரை வாளாவிருக்கச் செய்தது. ஒரே கொள்கையின் இரு கனிகள் இவை.

1805-இல் செராம்பூர்ச் சகோதரர்கள் தமக்கென ஓர் உடன்படிக்கை எழுதினர். அதன் தொடக்கம் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. நித்திய வாழ்வுக்குக் குறிக்கப்பட்டவர்களே விசுவாசிப்பர் என்பதை முதலில் ஒப்புக்கொள்கின்றனர். உடனே, இக்கிருபைக் கொள்கையின் பெருந்தலைவராகிய பவுலே எல்லோரினும் மிகுதியாக உழைத்தார் என்பதை நினைவூட்டுகின்றனர். பின்னர் மக்களின் மொழியைக் கற்றல், அவர்தம் எண்ணங்களை அறிதல், கல்வி பரப்புதல் என்று கடமைகளை அடுக்குகின்றனர். இதனை ஆண்டுக்கு மும்முறை சபையில் படித்தல் வேண்டும் என்றும் விதித்தனர்.

1812 மார்ச் 11 மாலை அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. பல மொழி எழுத்துகளும், ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. அடுத்த ஞாயிறன்று கேரி கல்கத்தாவில் 46-ஆம் சங்கீதத்தை எடுத்து, இறைவன் தன் விருப்பப்படி செய்ய உரிமையுடையவன், அதற்குத் தலைவணங்குதல் நம் கடன் என்று பேசினார். அவ்வளவில் அமைந்துவிட்டாரா? எரியாமல் எஞ்சிய அச்சுக் கருவிகளைக் கொண்டு புதிய எழுத்துகள் வார்க்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் புல்லர் சுற்றித் திரிந்து, இரண்டு மாதத்திற்குள் ஏறத்தாழ 10,000 பவுன் திரட்டினார். தலைவணங்குதலும் தளராதுழைத்தலும் அவர்களிடம் முரண்படவில்லை.

கல்கத்தாவைச் சூழ மற்றக் கொள்கையினரும் வந்து சேர்ந்தனர். பொதுப் பாப்டிஸ்டுகள் 1816-இல் தனிச் சங்கம் அமைத்து, 1822-இல் ஒரிசாவின் கட்டாக்கில் பணி தொடங்கினர். செராம்பூரில் அச்சிட்ட ஒரியா வேதநூல்களே அவர்களுக்கும் பயன்பட்டன. அமெரிக்காவிலிருந்து தன்னிச்சைப் பாப்டிஸ்டுகள் 1830-களில் வந்து, பாலசோரிலும் பின்னர் மிட்னாபூரிலும் நிலைத்தனர். மனிதனின் சித்தம் சுதந்தரமானது என்பதைத் தம் பெயரிலேயே தாங்கியவர்கள் அவர்கள். 1870-களில் மெதடிஸ்டுகள் தர்மதலாவில் கோயில் எழுப்பினர். அவர்தம் முன்னோரான வெஸ்லி, கால்வினியராகிய தம் நண்பர் ஒயிட்பீல்டுடன் இவ்வினாவின் பொருட்டே 1739 முதல் கருத்து வேறுபட்டு நின்றவர். ஒயிட்பீல்டின் பக்கம் நின்ற வேல்ஸ் நாட்டுக் கால்வினிய மெதடிஸ்டுகளோ, 1841-இல் கல்கத்தா வழியாகக் காசி மலைக்குச் சென்றனர்.

ஸ்காட்லாந்தியரின் கால்வினியம் மற்றொரு வகை. டல்ஹௌசி சதுக்கத்தின் அருகே உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் புனித அந்திரேயர் கோயில் 1818-இல் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் 1821-இல் திறந்த அதே பெயர்க் கோயிலை அறிந்த நமக்கு அது பழகிய முகமே. இவர்களுடைய விசுவாச அறிக்கை, 1640-களில் வெஸ்ட்மின்ஸ்டரில் வகுக்கப்பட்டது. நிகழ்வன யாவற்றையும் இறைவன் நியமித்தான் என்று கூறும் அவ்வறிக்கை, அதனால் படைப்புகளின் சித்தம் வன்முறைக்குள்ளாவதில்லை, இரண்டாம் நிலைக் காரணங்கள் ஒழிவதும் இல்லை, அவை நிலைபெறவே செய்கின்றன என்றும் சேர்த்துக் கூறுகிறது. அலெக்சாண்டர் டப் 1830-இல் கல்கத்தாவில் தொடங்கிய பள்ளி, கல்வியை அத்தகைய காரணமாகக் கொண்டது. அதன் வழிவந்ததே ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி.

அப்பள்ளிக்கு இடம் தேடித் தந்தவர் ராஜா ராம்மோகன் ராய். அவரே பத்தாண்டுக்கு முன் செராம்பூராருடன் பெருவாதம் நிகழ்த்தியவர். 1820-இல் இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டு, மனிதனின் அமைதிக்கும் இன்பத்திற்கும் இவையே போதும் என்றார். அறவுரை வழி காட்டும், பாவநிவாரண பலியின்றி மீட்பு இல்லை என்றார் மார்ஷ்மன். 1823 வரை எழுத்துப்போர் நீடித்தது. செராம்பூர்க் குழுவோடு தொடர்புடைய வில்லியம் ஆடம் என்னும் பாப்டிஸ்டுத் தூதரே ராம்மோகனின் பக்கம் சாய்ந்தார். தகுதியால் உயர்வதா, கிருபையால் பெறுவதா என்ற பழைய வினா வங்க மண்ணில் புதுவடிவம் எடுத்தது.

தமிழர்க்கு இவ்வினா புதிதோ? ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வைணவத்தில் குரங்குக் குட்டி தாயைப் பற்றுவதுபோல் அடியவன் பற்றவேண்டும் என்பது வடகலையார் உவமை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே கொண்டுசெல்வான் என்பது தென்கலையார் உவமை. ஒப்புமை இருப்பினும் வேற்றுமையும் உண்டு. அவ்விரு கலையாரும் அருளின் வழியைப் பற்றி வாதிட்டனர். சிலர் நிலையாகத் தள்ளப்பட்டனர் என்ற கடினமான முடிவு அவ்வாதத்தின் பொருள் அன்று. வைணவ மரபில் வளர்ந்து, 1858-இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கால்வினியராகிய பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றி 1894-இல் வெளியிட்டார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில் இவ்வழக்கின் கூர்மை குறைந்தது. இங்கிலாந்தில் இருவகைப் பாப்டிஸ்டுகளும் 1891-இல் ஒன்றாயினர். சுவிட்சர்லாந்து அறிஞர் கார்ல் பார்த், 1942-இல் வெளியிட்ட நூற்பகுதியில், தெரிந்துகொள்ளப்பட்டவரும் தள்ளுண்டவரும் கிறிஸ்து ஒருவரே, மற்றோர் யாவரும் அவருக்குள் அடங்குவர் என்று கால்வினின் கொள்கையையே புதிதாக அமைத்தார். 1970-இல் தோன்றிய வட இந்தியத் திருச்சபையில் பிரஸ்பிட்டீரியர், பாப்டிஸ்டுகளிற் பலர், ஆங்கிலிக்கர், பிரிட்டிஷ் மெதடிஸ்டு வழியினர் எல்லோரும் இணைந்தனர். முன்னோர் பிரிந்து நின்ற வினாவை மறவாமலே ஒரே பந்தியில் அமர அவர்கள் கற்றுக்கொண்டனர்.

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து பிழைக்கும் நம்மில் எவரும், வாழ்வில் ஒருமுறையேனும், எல்லாம் எழுதியபடிதானே என்று சோர்ந்ததுண்டு. எல்லாம் என் உழைப்பே என்று செருக்கியதும் உண்டு. அடுத்தமுறை செராம்பூர்த் துறையில் நிற்கும்போது, ஏழாண்டு விளைவின்றி உழைத்த ஒருவரையும், தம் பாட்டால் பிறரைத் தேற்றித் தாம் தேறாத ஒரு கவிஞரையும் சேர்த்தே நினைப்போமாக. ஒரே கொள்கை ஒருவருக்குத் தோணியாயிற்று, மற்றவருக்குச் சுழலாயிற்று. ஆகவே எக்கொள்கையையும் ஆராய்வோர், அது சரியா என்று வினவுவதோடு, நொந்த மனத்திற்கு அதை எவ்வாறு எடுத்துரைப்பது என்றும் வினவுதல் நன்று.